பயண ரிவார்டு கிரெடிட் கார்டு: கைக்கு வரும் முன்பும் வந்த பின்பும்

அம்மாவைச் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனபோது அவருடைய டிக்கெட்டைக் கார்டில் சேர்ந்த மைல்களைக் கொண்டே எடுத்தேன். வரியும் விமான நிலையக் கட்டணமும் மட்டும் பணமாகக் கட்டினோம். பயண ரிவார்டு கார்டில் செலவு செய்யச் செய்யப் பாயின்ட் சேரும், அதை விமான நிறுவனத்தின் மைலாக மாற்றி டிக்கெட் எடுக்கலாம். அன்றிலிருந்து உறவினர்களும் அலுவலக நண்பர்களும் இந்தக் கார்டுகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எல்லாம் இந்திய வங்கிகள் தரும் கார்டுகளைப் பற்றியவை. ஒவ்வொரு கார்டுக்கும் கட்டணமும் பாயின்ட் கணக்கும் வேறு, அடிக்கடி மாறவும் மாறும். அதனால் விண்ணப்பிக்கும் முன் உங்கள் கார்டின் ‘மிக முக்கிய விதிமுறைகள்’ தாளை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

விண்ணப்பித்துப் பத்து நாள் ஆகிறது. ஒரு தகவலும் இல்லை. என்ன செய்வது?

முதலில் விண்ணப்ப எண்ணை வைத்து வங்கியின் செயலியிலோ இணையதளத்திலோ எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஆவணச் சரிபார்ப்பு, வீடியோ கே.ஒய்.சி. (வீடியோ அழைப்பில் அடையாளம் சரிபார்ப்பது), கடன் அறிக்கை (உங்கள் கடன்களின் வரலாறு) பார்ப்பது, ஒப்புதல், அச்சடிப்பு, கூரியர் என்று வரிசையாக நடக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு கட்டங்களில்தான் சிக்கிக்கொள்ளும். ஆதாரில் ஊர் முகவரி இருக்கும், குடியிருப்பது சென்னை வாடகை வீடாக இருக்கும். அங்கேயே நின்றுவிடும். வீடியோ கே.ஒய்.சி.க்கு அசல் பான் கார்டு கையில் இருக்க வேண்டும், முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், நீங்கள் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தபடி அதை முடிக்க முடியாது.

பொறுமை இழந்து அடுத்தடுத்த வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உங்கள் கடன் அறிக்கையில் ஒரு விசாரணை பதிவாகும். ஒரே மாதத்தில் நான்கு பதிவுகள் இருந்தால், இவருக்குப் பண நெருக்கடி என்றுதான் அடுத்த வங்கி நினைக்கும். அதற்குப் பதில் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூடிய கடன் இன்னும் திறந்திருப்பதாகக் காட்டினால் அதைத் திருத்துவதுதான் முதல் வேலை.

விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டு வாங்குங்கள்.

ஒப்புதல் வந்துவிட்டது. கூரியரில் வரும்வரை சும்மா இருக்கலாமா?

இருக்கக் கூடாது. நான் பட்டதைச் சொல்கிறேன். என் கார்டு வந்த வாரம் நாங்கள் ஒரு திருமணத்துக்கு மதுரை போயிருந்தோம். கூரியர்காரர் மூன்று முறை வந்து பார்த்திருக்கிறார். தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பு என்று நான் எடுக்கவில்லை. கார்டு வங்கிக்கே திரும்பிவிட்டது. மறுபடி வாடிக்கையாளர் சேவையில் பேசி, முகவரியை உறுதி செய்து, கையில் வாங்குவதற்குள் 19 நாள் ஓடிவிட்டது.

கார்டை அடையாள அட்டையோ ஓ.டி.பி.யோ கேட்டு உரியவர் கையில்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றால் கேட்க மாட்டார்கள். அதனால் கண்காணிப்பு எண் குறுஞ்செய்தியில் வந்ததும் தினமும் பாருங்கள். ஊரில் இல்லையென்றால் வேறு நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது கூரியர் அலுவலகத்துக்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக முகவரி கொடுக்க முடியுமானால் பகலில் வீடு பூட்டியிருப்பவர்களுக்கு அது நல்லது.

அந்த 19 நாளில் அப்படி என்ன நஷ்டம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

வரவேற்பு போனஸுக்கான கெடு பெரும்பாலான கார்டுகளில் கார்டு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. வங்கியின் கணினியில் கார்டுக் கணக்கு திறந்த நாளிலிருந்து தொடங்கும். ‘முதல் 60 நாளில் ஒரு லட்சம் செலவு செய்தால் இத்தனை ஆயிரம் பாயின்ட்’ என்று இருந்தால், அந்த 60-இல் அச்சடித்த நாளும் கூரியரில் கிடந்த நாளும் சேர்த்தி. எனக்கு 60 நாள் 41 நாளாகச் சுருங்கியது.

தேதியை ஊகிக்காதீர்கள். செயலியில் கார்டு விவரத்தில் பாருங்கள், அல்லது சேவை மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி ‘என் கணக்கு எந்தத் தேதியில் திறக்கப்பட்டது, போனஸ் கெடு எந்தத் தேதியில் முடிகிறது’ என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பின்னால் போனஸ் வராமல் போனால் அந்த மின்னஞ்சல்தான் உங்களுக்கு ஆதாரம். தொலைபேசியில் யாரோ சொன்னது எதற்கும் உதவாது.

பிளாஸ்டிக் கார்டு வரும் முன்பே பயன்படுத்த முடியுமா?

பல வங்கிகளில் முடியும். ஒப்புதல் கிடைத்ததும் செயலியில் கார்டு எண், காலாவதித் தேதி, சி.வி.வி. (கார்டின் பாதுகாப்பு எண்) மூன்றும் தெரியும். செயலியில் இணையச் செலவைத் திறந்துவிட்டால் இணையத்தில் வாங்குவதற்கு அது போதும். மின்னணுக் கார்டிலேயே தொடங்கிவிட்டால் கூரியர் தாமதத்தால் பாதிப்பு இல்லை. ரூபே கார்டானால் செயலியில் இணைத்து, கடைகளில் யு.பி.ஐ. கியூஆர் மூலம் கட்டலாம். ஆனால் அந்தச் செலவுக்கு எத்தனை பாயின்ட் வரும் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும், சில கார்டுகளில் குறைவாகத்தான் தருகிறார்கள்.

காத்திருக்கும் நாட்களில் வேறு என்ன செய்து வைக்கலாம்?

எங்கே போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கார்டு வந்தபிறகு பாயின்ட் சேர்த்து, சேர்ந்தபிறகு ஊரைத் தேடுகிறவர்கள் கடைசியில் மிக்ஸி வாங்கித்தான் பாயின்ட்டைத் தீர்க்கிறார்கள், அதுவும் மிக மட்டமான மதிப்பில். யாருடன், எந்த மாதம், எந்த விமானத்தில் என்று எழுதி வைத்துக்கொண்டால் எத்தனை மைல் வேண்டும் என்பது தெரியும். அதற்கு எவ்வளவு செலவு ஆகும், அது உங்கள் வீட்டு வரவுசெலவுக்குள் அடங்குமா என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம், விமான நிறுவனத்தின் உறுப்பினர் கணக்கை இப்போதே திறந்துவிடுங்கள். மைல் அதில்தான் சேரும், அது இலவசம். நான் திறந்தது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர். நம் ஊர்க்காரர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், வங்கியில் ஒற்றை எழுத்து இனிஷியலாக இருக்கும், ஆதாரில் பெயருக்குப் பின்னால் போட்டிருப்பார்கள். விமானக் கணக்கில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். வங்கியிலும் அதே பெயர் இருந்தால்தான் மைல் மாற்றும்போது தகராறு வராது. என் முதல் மாற்றம் இதனாலேயே திரும்பி வந்தது. வங்கியில் பெயரை விரித்து எழுதக் கொடுத்து, அது மாற ஒரு வாரம் ஆனது. காத்திருக்கும் நாட்களில் இதை முடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

கார்டு வந்துவிட்டது. உறையைப் பிரித்ததும் என்ன செய்ய வேண்டும்?

உறை கிழிந்தோ ஒட்டு பிரிந்தோ இருந்தால் வாங்காதீர்கள். சரியாக இருந்தால் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ‘பின்’ என்னும் ரகசிய எண்ணைச் செயலியிலேயே அமைக்கலாம்.

புதுக் கார்டு உள்நாட்டில் கடை இயந்திரத்தில் செருகுவதற்கும் ஏ.டி.எம்.முக்கும் மட்டுமே திறந்து வரும். இணையச் செலவு, தட்டிக் கட்டும் வசதி, வெளிநாட்டுப் பயன்பாடு மூன்றையும் நீங்களே செயலியில் திறக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த பாதுகாப்பு ஏற்பாடு. கார்டு வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இதைத் திறக்காதவர்கள். இணையச் செலவைத் திறந்து தேவையான அளவு வரம்பு வையுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டைப் பயணத்துக்கு முந்தைய நாள் திறந்தால் போதும், ஏனென்றால் பல வெளிநாட்டு இணையதளங்கள் ஓ.டி.பி. கேட்காமலே பணம் எடுத்துவிடும்.

30 நாள்வரை கார்டைச் செயல்படுத்தாமலே வைத்திருந்தால் வங்கி ஓ.டி.பி. மூலம் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். நீங்கள் சம்மதம் தராவிட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் கட்டணம் இல்லாமல் கணக்கை மூட வேண்டும். மனம் மாறிவிட்டவர்களுக்கு இது நல்ல வழி.

எல்லாச் செலவுக்கும் பாயின்ட் கிடைக்குமா?

கிடைக்காது. வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, பெட்ரோல், இ.எம்.ஐ. ஆக மாற்றியவை, அரசுக் கட்டணங்கள் ஆகியவற்றைப் பெரும்பாலான பயணக் கார்டுகள் விலக்கிவிட்டன. காப்பீடு, மின்கட்டணம், நகை, பள்ளிக் கட்டணம் ஆகியவை கார்டுக்குக் கார்டு மாறும். சிலவற்றில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள்: பாயின்ட் தராத செலவு, போனஸ் இலக்கில் சேருமா சேராதா என்பது தனி விதி. இரண்டையும் பாருங்கள்.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பாயின்ட்டும் திரும்பிப் போகும், இலக்கிலிருந்தும் கழியும். கெடுவின் கடைசி நாளில் கச்சிதமாகக் கணக்குப் பார்த்து இலக்கைத் தொடாதீர்கள். கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

இலக்குக்கு 20,000 குறைகிறது. ஏதாவது வாங்கிவிடவா?

எப்படியும் வரப்போகிற செலவு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தீபாவளித் துணி, வண்டி சர்வீஸ், அடுத்த மாத ரயில் டிக்கெட், பல் மருத்துவர். அவற்றை முன்னே இழுத்துக்கொள்ளலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் போனஸை விட்டுவிடுங்கள். 3,000 ரூபாய் மதிப்புள்ள பாயின்ட்டுக்காக வேண்டாத 20,000 ரூபாய்ப் பொருளை வாங்கினால் 17,000 ரூபாய் போயிற்று என்று அர்த்தம். நண்பரின் செலவை உங்கள் கார்டில் போட்டு அவரிடம் பணம் வாங்குவதையும் நான் சொல்ல மாட்டேன். அவர் தராமல் போனாலும் பில் உங்கள் பெயரில்தான் வரும்.

பில்லில் மினிமம் டியூ (குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டினால் என்ன?

அந்த மாதமே பாயின்ட் கதை முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பில் 60,000 ரூபாய். நூறு ரூபாய்க்கு 2 பாயின்ட், ஒரு பாயின்ட் ஒரு ரூபாய் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 1,200 ரூபாய் லாபம். நீங்கள் 3,000 மட்டும் கட்டுகிறீர்கள். மிச்சம் 57,000-க்கு மாதம் 3.6 சதவீத வட்டி என்றால் 2,052 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 369. மொத்தம் 2,421. இது ஒரு மாதத்துக்கு. போதாதற்கு, முழுத் தொகையும் கட்டாதபோது புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லாக் காலம் என்பதே போய்விடும்.

முழு பில்லையும் ஒவ்வொரு மாதமும் கட்ட முடியாதவர்களுக்குப் பயணக் கார்டு வேண்டாம். இதை என் சொந்தத் தம்பியிடமும் சொன்னேன், கோபித்துக்கொண்டான். இருந்தாலும் எல்லாரிடமும் இதையேதான் சொல்கிறேன். சேமிப்புக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகக் கழியும்படி முதல் நாளே ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். அதில் ‘முழுத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு தேர்வு இருக்கும். முழுத் தொகையைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள்.

ஒரு பாயின்ட்டின் மதிப்பு எவ்வளவு?

நீங்கள் எதற்காக அதைக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதே பாயின்ட், பில்லில் கழித்துக்கொண்டால் கால் ரூபாய் ஆகலாம், பொருள் பட்டியலில் அதற்கும் கீழே போகலாம், வங்கியின் பயணத் தளத்தில் டிக்கெட் எடுத்தால் அரை ரூபாயோ ஒரு ரூபாயோ ஆகலாம். விமான மைலாக மாற்றி, டிக்கெட் விலை ஏறியிருக்கும் நாளில் பயன்படுத்தினால் அதையும் தாண்டலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அந்த டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்கினால் என்ன விலையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மைலில் எடுத்தாலும் கட்ட வேண்டிய வரியையும் கட்டணத்தையும் அதிலிருந்து கழியுங்கள். மிச்சத்தை, செலவாகும் பாயின்ட்டால் வகுங்கள். உதாரணமாக டிக்கெட் 18,000, வரி 5,000, தேவைப்படும் பாயின்ட் 13,000 என்றால் ஒரு பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய். இது 50 காசுக்குக் கீழே வந்தால் நான் டிக்கெட்டைப் பணத்துக்கே வாங்கிவிட்டுப் பாயின்ட்டை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்வேன்.

பாயின்ட்டை எப்போது மைலாக மாற்ற வேண்டும்?

மைலில் எடுக்கக்கூடிய இருக்கை கண்ணில் பட்ட பிறகு. மாற்றிவிட்டால் திரும்பப் பெற முடியாது. கிரிஸ்ஃப்ளையரில் மைல் வந்து சேர்ந்து மூன்று வருடத்தில் காலாவதியாகும். அந்தக் கடிகாரத்தை அவசியமில்லாமல் ஓடவிடாதீர்கள். அதற்காக வங்கியில் வருடக்கணக்கில் குவித்தும் வைக்காதீர்கள், மாற்று விகிதத்தை வங்கிகள் குறைத்த கதைகள் நிறைய உண்டு. முதலில் விமான நிறுவனத்தின் தளத்தில் அந்தத் தேதிக்கு மைல் இருக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 355 நாள் முன்பே பயணத்தேதிகளைத் திறக்கிறது. பள்ளி விடுமுறைக் காலமென்றால் அவ்வளவு முன்கூட்டியே பார்ப்பதுதான் நல்லது. மாற்றிய மைல் சில வங்கிகளிலிருந்து உடனே வரும், சிலவற்றில் பல நாள் ஆகும். அந்த இடைவெளியில் இருக்கை போய்விடலாம் என்பதால் அடுத்தடுத்த இரண்டு தேதிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மைலில் அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கலாமா?

எடுக்கலாம். கிரிஸ்ஃப்ளையரில் ஐந்து பேர்வரை நியமனதாரர்களாகச் சேர்க்கலாம், அவர்களுக்கு உங்கள் மைலில் டிக்கெட் போடலாம். நான் அம்மாவையும் மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் சேர்த்தேன். பெயர் இங்கேயும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. பிற நிறுவனங்களுக்கு விதி வேறு, சேர்த்துச் சில நாள் கழித்தே பயன்படுத்த முடியும் என்பவையும் உண்டு.

விமான நிலைய லவுஞ்ச் (ஓய்வறை) இலவசமா?

முன்பு போல இல்லை. முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவோம் என்று பல கார்டுகளில் விதி வந்துவிட்டது. புதுக் கார்டுக்காரர்களுக்குச் சலுகை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட வருபவருக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம். வயதான பெற்றோருடன் போகிறவர்கள் வீட்டிலேயே இதை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். லவுஞ்ச் வாசலில் அவர்களை நிற்க வைத்துவிட்டு வாதாடுவது மிகவும் சங்கடம்.

வெளிநாட்டில் தேய்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அன்னியச் செலாவணி மார்க்அப், அதாவது வெளிநாட்டு நாணயச் செலவை ரூபாயாக மாற்ற வங்கி போடும் கூடுதல் கட்டணம். சாதாரணக் கார்டுகளில் 3.5 சதவீதம், அதன்மேல் ஜி.எஸ்.டி. சேர்த்து 4.13 சதவீதம். 50,000 ரூபாய்க்குச் செலவு செய்தால் 2,065 ரூபாய் கூடுதல். 2 சதவீத மார்க்அப் கார்டில் அதே செலவுக்கு 1,180. மார்க்அப்பே இல்லாத கார்டுகளும் உண்டு. பயணக் கார்டு என்று பெயர் வைத்துவிட்டு முழு மார்க்அப் வாங்கும் கார்டுகளும் இருக்கின்றன, பாயின்ட்டைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடை இயந்திரம் ‘இந்திய ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா?’ என்று கேட்கும். உள்ளூர் நாணயத்தையே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் போடும் விகிதம் உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும், அதன்மேல் நம் வங்கியும் தனிக் கட்டணம் போடலாம். சிங்கப்பூரின் முஸ்தபா சென்டர் கடையில் நான் அவசரத்தில் தலையாட்டிவிட்டு ரசீதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டால் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, தனிக் கட்டணமும் உண்டு, பாயின்ட் கிடையாது. சில்லறைச் செலவுக்குக் கொஞ்சம் டாலர் கையில் கொண்டுபோங்கள். சிங்கப்பூர் மெட்ரோவிலும் பேருந்திலும் விசா, மாஸ்டர்கார்டு கார்டைத் தட்டியே ஏறலாம். அதற்கு வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டும் வசதியும் இரண்டுமே திறந்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கார்டுகளுக்குச் சிறு நிர்வாகக் கட்டணம் உண்டு. ஓட்டல் முன்பணம் என்று ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகும். கார்டு வரம்பில் அதற்கு இடம் விடுங்கள். ஓ.டி.பி. வர இந்திய சிம் ரோமிங்கில் இருக்க வேண்டும்.

நாங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ரயிலில் திருச்செந்தூர் போகிறவர்கள். எங்களுக்கு இந்தக் கார்டு வேண்டுமா?

வேண்டாம். 5,000 ரூபாய் ஆண்டுக் கட்டணம் என்றால் ஜி.எஸ்.டி. சேர்த்து 5,900. ரயில் பயணிகளுக்கு ஐ.ஆர்.சி.டி.சி.யுடன் சேர்ந்து வங்கிகள் தரும் கார்டோ, செலவில் ஒரு பங்கைப் பணமாகத் திருப்பித் தரும் சாதாரண கேஷ்பேக் கார்டோ போதும்.

கார்டு தொலைந்துவிட்டால்? நான் செய்யாத செலவு வந்தால்?

உடனே செயலியில் பூட்டிவிட்டு வங்கிக்குச் சொல்லுங்கள், புகார் எண் வாங்குங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள்மேல் பொறுப்பு விழாது. இணைய மோசடி என்றால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் அழையுங்கள். ‘பாயின்ட் இன்றே காலாவதியாகிறது, இந்த லிங்க்கை அழுத்துங்கள்’ என்று வரும் செய்திகளை நம்பாதீர்கள். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

பயணம் முடிந்தது. கார்டை மூடிவிடலாமா?

அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு ஈடாக அந்தக் கார்டு எதுவும் தரப்போவதில்லை என்றால் மூடலாம். மூடும் முன் வங்கியில் மிச்சமிருக்கும் பாயின்ட்டைத் தீர்த்துவிடுங்கள், கார்டோடு அவையும் போய்விடும். விமானக் கணக்குக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்த மைல் உங்களிடமே இருக்கும். பாக்கி எதுவும் இல்லாமல் கட்டிவிட்டு எழுத்தில் கோரிக்கை வையுங்கள். ஏழு வேலை நாளில் வங்கி மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.